பன்னிரண்டு அறைகள்

கரடிப்போக்குச் சந்திக்கு இந்தப் பக்கம்
வாசலில் தொட்டில்களைக் கட்டித் தொங்கவிட்ட கடை.
"அக்கா, இப்ப எல்லாரும் இதைத்தான் எடுக்கினம்."
இளநீலப் பை. வயிற்றில் ஒரு கரடி.
வெள்ளை அடி.

வெள்ளை அடி!
தம்பி எங்கள் பக்கம் வந்ததில்லைப் போல.
ஒரு பஸ் போனால் போதும்,
கிரவல் றோட்டு எழும்பி எங்களோடு வீட்டுக்குள் வரும்.

மிதுஷன் என் இடுப்பில்.
எனக்கு மிச்சம் ஒரு கை.
அது நல்லதுதான்.
ஒரு கையால் திறக்க முடியாததைப்
பை என்று சொல்லக்கூடாது, பெட்டகம் என்று வைக்கலாம்.

ஒன்றின் சிப் பாதிவழியில் பல்லைக் கடித்தது.
இன்னொன்று வெல்குரோ.
பர்ரென்று இழுத்த இழுவையில்
பிள்ளை உதட்டைப் பிதுக்கினான்.
அடுத்தது வடிவு, ஆனால் உள்ளே கறுப்புத் துணி.
அந்த இருட்டுக்குள் ஒரு சூப்பி விழுந்தால் யார் தேடுவது?

நான் தேடுவதில்லை.
ஆறு வருசம் கண்ணிவெடி அகற்றினவள்,
அடுத்த மாதம் திரும்பப் போகிறவள்.
முழங்காலில் இருந்தபடி
முகக்கவசத்துக்குள் வேர்வை வழிய வழிய
கண் நிலத்தை விட்டு அசையாது.
புல் வெட்டும் கத்தரி வலப்பக்கம்,
தூரிகை இடப்பக்கம்.
கை தானாய்ப் போகும்,
போன இடத்தில் பொருள் இருக்கும்.
இல்லையென்றால் எழும்பி, வந்த வழியே திரும்பி
முதலில் இருந்து தொடங்க வேணும்.

பிறகு ஒரு பை, காந்தப் பொத்தான்.
டக்கென்று தானாக மூடிக்கொண்டது.
நான் கையை எடுத்துவிட்டேன்.
"இரும்பு இல்லாதது இருக்கா தம்பி?"
பெடியன் விளங்காமல் செந்தூரனைப் பார்க்க
செந்தூரன் என் காதுக்குள்:
"இது பிள்ளைக்கு, லேனுக்கு இல்லை."
சிரிப்பு வந்தது.
என்றாலும் அதை எடுக்கவில்லை.

மேல்தட்டில் இருந்து ஒன்றை இறக்கினான்,
யாருமே கேட்காதது, சாக்கு நிறம்.
நிலத்தில் வைத்தேன். சரியவில்லை.
அகல வாய். இரண்டு தோள்வார்,
மோட்டார் சைக்கிளில் முதுகோடு ஒட்டும்.
உள்ளே எலுமிச்சை மஞ்சள்.
அறை பன்னிரண்டு.
நாலாயிரத்து எண்ணூறு என்றான்,
நாலாயிரத்து ஐந்நூறுக்கு வந்தான்.

அன்றிரவே அடுக்கினேன்.
பம்பேர்ஸ் ஐந்து. ரப்பர் சீற்.
கொட்டன் சீலை, நனைந்ததுக்கு வேறு பை.
சுடுதண்ணிப் போத்தல் நேராய் நிற்க ஓர் இடம்.
கிளினிக் கொப்பி முதுகுப்பக்கம், ஈரம் படாமல்.
பதினொரு அறை நிரம்பியது.
கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாய் எடுத்துக் காட்டினேன்.
செந்தூரன் கை தட்டினான்.

வியாழக்கிழமை, ஊசி போடும் நாள்.
வாங்கில் வரிசையாய்த் தாய்மார்.
எங்கள் இலக்கத்தைக் கூப்பிட முதல்
மிதுஷன் தன் கடமையை முடித்தான்,
சட்டையின் கழுத்துவரை.
கை போனது.
பம்பேர்ஸ் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு ஸ்பானர்.

விடிய சங்கிலி இறுக்கிவிட்டு
வசதியாய் இருந்தது என்று வைத்திருக்கிறான் மனுசன்,
உள்ளே இருந்ததை மேசையில் எடுத்து வைத்துவிட்டு.

எல்லாவற்றையும் வாங்கில் கொட்டினேன்.
ஊசியை வைத்துக்கொண்டு நேர்ஸ் பார்த்துக்கொண்டு நின்றா.
பக்கத்தில் விசுவமடுப் பிள்ளை ஒருத்தி,
மடியில் இரட்டையர்,
கையில் காதறுந்த சொப்பிங் பை.
பார்க்காமலே அதற்குள் கையை விட்டு
ஒரு பம்பேர்ஸை நீட்டினாள்.
"பிடியுங்கோ. ஒரு சைஸ் பெரிசு, பரவாயில்லை."

இப்போது ஸ்பானர் சைக்கிள் பெட்டிக்குள்.
அவனோடு கதைத்தாயிற்று.

பன்னிரண்டாவது அறைக்கு இன்னும் ஒன்றும் வைக்கவில்லை.
வெறுமை என்று தெரியும்.
ஆனாலும் வெளிக்கிட முதல்
அதன் சிப்பைத் திறந்து
நாலு மூலையிலும் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான்
மூடுகிறேன்.